தராசு முள்ளை நாமதான் பார்க்கணும்

ஹட்டன், நுவரெலியா பக்கம் சின்னத் தொழில்கள் கூடிக்கிட்டே போகுது. ஹோம்ஸ்டே, வேன் ஹயர், டியூஷன், கேக் ஓடர் என்று பல வகை. இவங்களுக்கு கூகுள் தேடலில் விளம்பரம் போட்டுக் கொடுக்கிற வேலைக்கு நம்ம வயசுப் பிள்ளைகள் வாறாங்க. வந்ததும் கேட்கிற முதல் கேள்வி: "இதை நிர்வகிக்க எந்த மென்பொருள் வாங்கணும்?" எங்க பதில் சுருக்கமானது. இப்போதைக்கு எதையும் வாங்க வேணாம்.

முதலில் காசுக் கணக்கைப் பார்ப்போம். செம்ரஷ், ஆப்ட்மைசர் மாதிரியான கருவிகளின் மாதக் கட்டணம் நூறு டொலருக்கு மேலேதான். டொலர் 300 ரூபாய் என்று வைத்தாலே 30,000 ரூபாய். 2024இல் தோட்டத் தொழிலாளிக்கு நிர்ணயிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய். அப்படியென்றால் நம்ம அம்மாமார் 22 நாள் கொழுந்து பறிச்ச காசு, ஒரு விளம்பரம்கூட ஓடுறதுக்கு முன்னாலேயே போயிரும். அந்தக் கருவிகள் மோசம் என்று சொல்லல. ஐம்பது வாடிக்கையாளரை வைத்திருக்கிற கொழும்பு நிறுவனத்துக்கு அவை நேரத்தை மிச்சப்படுத்தும். மூணு வாடிக்கையாளர் இருக்கிற நமக்கு மிச்சமாகப் போறது என்ன?

நமக்குத் தேவையானது இலவசமாகவே இருக்கு. கூகுள் ஆட்ஸ் தளம், எந்தச் சொல்லை எவ்வளவு பேர் தேடுறாங்க என்று காட்டுற கீவேர்ட் பிளானர், கணினியில் போட்டுக்கொள்கிற கூகுள் ஆட்ஸ் எடிட்டர். இந்த எடிட்டர் மலையகத்துக்கென்றே செய்தது மாதிரி. சிக்னல் இருக்கிற நேரம் கணக்கை இறக்கிவைத்து, இணையம் இல்லாமலே திருத்தி, பிறகு ஒரேயடியாக ஏற்றலாம். ஒரே குறை, இது ஃபோனில் ஓடாது. நாலு பேர் சேர்ந்து ஒரு லெப்டொப்பைப் பகிர்ந்தால் போதும்.

இலவசம் என்பது மட்டும் அளவுகோல் ஆகாது. ஒரு கருவியைப் பார்த்து நாங்க கேட்கிற முதல் கேள்வி இதுதான்: ஆட்கள் உண்மையில் என்ன தட்டச்சு செய்து நம்ம விளம்பரத்தைக் கிளிக் பண்ணினாங்க என்று இது காட்டுதா? நாம கொடுக்கிற சொல் வேறு, ஆட்கள் தேடுற சொல் வேறு. "ஹட்டன் ஹோட்டல்" என்று ஆங்கிலத்தில் கொடுத்து, இங்கிலாந்துப் பயணிகளைக் குறிவைக்கிறோம் என்று வையுங்க. லண்டனில் ஹட்டன் கார்டன் என்று ஒரு நகைக்கடைத் தெரு இருக்கு. அதன் பக்கத்தில் அறை தேடுறவரும் கிளிக் பண்ணுவார், காசு நம்ம கணக்கில் கழியும். ரிக்கி ஹட்டன் என்று பேர்பெற்ற குத்துச்சண்டை வீரர் இருந்தார். இலங்கைக்குள்ளே பார்த்தால் ஹட்டன் நஷனல் வங்கி. கூகுள் வழக்கமாகத் தாற 'புரோட் மேட்ச்' முறையில் இந்தத் தேடல்களும் உள்ளே வரலாம். 'சேர்ச் டேர்ம்ஸ்' அறிக்கையை வாரம் ஒருமுறை பார்த்து, கார்டன், ரிக்கி, வங்கி போன்ற சொற்களை 'நெகட்டிவ் கீவேர்ட்' ஆகப் போட்டால் அந்த ஓட்டை அடைபடும். இதுக்குக் கட்டணம் இல்லை, ஊர் தெரிந்த கண் வேணும்.

"எல்லாத்தையும் நானே பார்த்துக்கிறேன்" என்று கூகுளும் சொல்லும். அதன் பெர்ஃபார்மன்ஸ் மேக்ஸ் நம்ம காசைத் தேடல், யூடியூப், ஜிமெயில், மேப்ஸ் என்று பிரித்துப் போடும். பக்கத்திலேயே நூற்றுக்கு இவ்வளவு என்று ஒரு புள்ளி. பட்ஜெட்டைக் கூட்டச் சொல்ற ஆலோசனையை ஏற்றாலும் புள்ளி ஏறும், வேணாம் என்று தள்ளினாலும் ஏறும்! அப்போ அந்தப் புள்ளி எதை அளக்குது? கொழுந்து மடுவத்தில் தராசு முள்ளைப் பார்க்காமல் கூடையை வைக்கக் கூடாது என்று நம்மாட்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கிளிக்கை விற்கிறவரே புள்ளியும் போட்டால் அதே எச்சரிக்கை இங்கேயும் வேணும்.

மொழி விஷயத்துக்கு வருவோம். கூகுளின் விளம்பர சேவை தமிழுக்கு வந்தது 2018இல். ஆனாலும் தமிழ்ச் சொல்லைக் கொடுத்தால் சில நேரம் "தேடல் குறைவு" என்று விளம்பரத்தை நிறுத்தி வைக்கும். நல்லதண்ணியில் அறை வாடகைக்கு விடுறவரை எடுத்துக்குவோம். வெளிநாட்டார் 'ஆடம்ஸ் பீக்' என்று தேடுவாங்க, சிங்களவர் 'ஸ்ரீ பாத', நாம 'சிவனொளிபாதமலை'. மலை ஒன்று, பெயர் மூன்று, வாடிக்கையாளரும் மூன்று விதம். பருவகாலமோ டிசம்பரில் இருந்து மே வரைதான். யாருக்கு எந்தப் பெயரில், எந்த மாதத்தில் காட்டணும் என்கிற அறிவை நூறு டொலர் கருவியில் தேட வேணாம், அது நல்லதண்ணியிலேயே இருக்கு.

இரண்டாவது கேள்வி: கணக்கு யாருடையது? விளம்பரக் கணக்கு தொழில் நடத்துறவரின் மின்னஞ்சலில்தான் இருக்கணும். நாம மேனேஜர் கணக்கு வழியாக இணைந்து வேலை செய்யலாம், பாஸ்வேர்டே தேவையில்லை. நம்மை விட்டு அவர் வேறு ஆளிடம் போனாலும் பழைய தரவு அவரிடமே நிற்கும். இதை முதல் நாளே வாடிக்கையாளருக்குச் சொல்றதுதான் நியாயம். கணக்கைப் பிடித்துவைத்து ஆளைக் கட்டிப்போடுற பழக்கம் நம்ம தலைமுறைக்கு வேணாம்.

கற்க ஆசையென்றால் கூகுளின் ஸ்கில்ஷொப்பில் பாடமும் சான்றிதழும் இலவசம். முடித்துவிட்டு, தெரிந்த ஒரு ஹோம்ஸ்டேக்குச் சின்ன பட்ஜெட்டில் ஒரு மாதம் ஓட்டிப் பாருங்க. ஃபோனில் பேசுற ஒவ்வொருத்தரிடமும் "எங்கே பார்த்தீங்க?" என்று கேட்டுக் கொப்பியில் எழுதச் சொல்லுங்க. அந்தக் கொப்பியும் சேர்ச் டேர்ம்ஸ் அறிக்கையும் சேர்ந்தும் போதாத அளவுக்கு வேலை வளர்ந்தால், அன்றைக்கு மென்பொருள் வாங்குறதைப் பற்றிப் பேசுவோம்.