காற்றுக்குப் பெயரிடுவதும் காற்றை அளப்பதும்

வடக்கிலிருந்து வந்தால் வாடை, தெற்கிலிருந்து வந்தால் தென்றல், மேற்கென்றால் கோடை, கிழக்கென்றால் கொண்டல் என்று திசைக்கொரு பெயரிட்டுக் காற்றை அழைத்த மொழி நம்முடையது. வாடையின் பெயரைத் தாங்கிய நெடுநல்வாடை பத்துப்பாட்டில் ஒன்றாக நிற்கிறது. புறநானூற்றின் 66ஆம் பாடலில் வெண்ணிக்குயத்தியார், காற்றை ஏவல் கொண்டு கடலில் கலம் செலுத்தியவனின் வழித்தோன்றல் என்று கரிகாலனைப் போற்றுகிறார். அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் 'தமிழர் மரபு', 'தமிழரும் தொழில்நுட்பமும்' என்ற பாடங்கள் இடம்பெற்ற பிறகு, இவற்றைப் பொறியியல் மாணவர்களுக்கு எடுத்துச் சொல்லும் வாய்ப்புத் தமிழாசிரியர்களுக்கு வாய்த்திருக்கிறது. மகிழ்ச்சிதான். ஆனால் சொல்லி முடித்த கையோடு, 'ஆகவே காற்றியக்கவியலை நாம் அன்றே அறிந்திருந்தோம்' என்று ஒரு வாக்கியத்தையும் சேர்த்துவிடும் ஆசை நம்மில் பலருக்கு வருகிறது. அந்த வாக்கியத்தை நான் ஏற்பதில்லை.

காற்றை உணர்வது வேறு, அளப்பது வேறு. பழைய பாம்பன் பாலத்தில் காற்றின் வேகத்தை அளக்கும் கருவி ஒன்று இருந்தது. வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலுக்குச் சிவப்பு விளக்கு. மதுரையிலிருந்து இராமேசுவரம் போனவர்களின் உயிரைக் காத்தது அந்த எண். வீசுவது வாடையா கொண்டலா என்பது அங்கே கேள்வியே இல்லை. இலக்கியத்தின் பெருமை இதனால் குறைந்துவிடாது. இரண்டும் இருவேறு அறிவுகள். இரண்டாவது அறிவைப் பெற நம் மாணவனுக்குக் கிடைக்கும் முதல் இடம், கல்லூரி ஆய்வகத்தில் இருக்கும் காற்றுச் சுரங்கம்.

பெயர்தான் பெரிது, அமைப்பு எளியது. அகன்ற வாய் வழியே நுழையும் காற்று, தேனடை போன்ற தடுப்பையும் வலைகளையும் கடந்து சீராகிறது. பாதை குறுகக் குறுக வேகம் கூடுகிறது. நடுவே கண்ணாடிச் சுவருள்ள சோதனைப் பகுதி. மறுமுனையில் காற்றை இழுக்கும் பெரிய விசிறி. பறக்கும் பொருளை நிறுத்தி வைத்துக் காற்றை ஓடவிடுகிறோம். பொருளுக்கும் காற்றுக்கும் இடையிலுள்ள வேகம்தான் கணக்கு என்பதால் இது செல்லுபடியாகிறது.

இங்கே செய்யப்படும் சோதனைகளில் மிகச் சாதாரணமானது ஓர் உருளையைச் சுற்றிய அழுத்தத்தை அளப்பது. உருளையில் ஒரு சிறு துளை. அதைப் பத்துப் பத்து பாகையாகத் திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் மனோமீட்டரில் திரவ மட்டத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். எதிர்க்காற்றின் இயக்க அழுத்தத்தை 1 என்று கொண்டால், உராய்வில்லாத காற்றுக்கான சூத்திரம் இப்படிச் சொல்கிறது: உருளையின் முன்முகத்தில் 1, பக்கவாட்டில், 90 பாகையில், கழித்தல் 3, பின்முகத்தில் மீண்டும் 1. முன்னும் பின்னும் சரிசமம் என்றால் உருளையைக் காற்று தள்ளவே இல்லை என்று பொருள். 1752இல் தாலம்பேர் என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் வந்து நின்ற முரண் இதுதான்.

மாணவன் அளக்கும்போது நடப்பதோ வேறு. முன்முகத்தில் 1 வருகிறது, மகிழ்கிறான். பக்கவாட்டில் கழித்தல் 3 வருவதில்லை. கழித்தல் 1ஐ ஒட்டியே நின்றுவிடுகிறது. 80 பாகை அளவில் காற்று உருளையை விட்டு விலகிவிடுகிறது. அதன்பின் அழுத்தம் மீள்வதே இல்லை. பின்முகம் வரை தாழ்ந்தே கிடக்கிறது. சூத்திரமும் கருவியும் எதிரெதிராக நிற்கும் இந்த இடத்தில்தான் அந்த வகுப்பின் பயன் அனைத்தும் இருக்கிறது.

மாணவன் அப்போது என்ன செய்கிறான் என்பதே என் கவலை. அழிரப்பரை எடுக்கிறான். அல்லது சென்ற ஆண்டு மாணவரின் ரெக்கார்டு நோட்டைத் தேடுகிறான். வளைகோடு வழுவழுப்பாக இருந்தால் மதிப்பெண், பிசிறடித்தால் 'ரிப்பீட்' என்ற நிலை இருக்கும்வரை அவனை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. மூலத்தைத் தொடாமல் நோட்ஸ் படித்தே தமிழில் முதுகலைப் பட்டம் வாங்கிவிடலாம் என்பதை அறிந்தவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. அங்கே பாடல் தொலைகிறது. இங்கே காற்று தொலைகிறது.

அழிரப்பரை எடுக்காதவர்களால்தான் இந்தத் துறை வளர்ந்தது. நூல்களிலிருந்த எண்களை நம்பிக் கட்டிய மிதவை விமானம் எதிர்பார்த்தபடி பறக்காதபோது, ரைட் சகோதரர்கள் 1901இன் இறுதியில் ஆறடி நீள மரப்பெட்டியில் தாமே ஒரு காற்றுச் சுரங்கம் செய்தார்கள். சைக்கிள் சக்கரக் கம்பியிலும் ரம்பத் தகட்டிலும் தராசு அமைத்து, ஏறத்தாழ இருநூறு சிறகு வடிவங்களைச் சோதித்தார்கள். இரண்டே ஆண்டுகளில் விமானம் பறந்தது. கோபுரம் கட்டிய ஐஃபெல் பாரிஸில் ஒரு கோளத்தின் மீதான பின்னிழு விசையை அளந்தபோது, ஜெர்மனியின் கோட்டிங்கனில் கிடைத்த அளவில் பாதிகூட வரவில்லை. யாரோ தவறு செய்திருக்கிறார்கள் என்று விட்டுவிடாமல் காரணம் தேடியவர் பிராண்டில். பொருளின் பரப்பை ஒட்டிய மெல்லிய எல்லைப் படலத்தைப் பற்றி 1904இலேயே சொன்னவர் அவர். 1914இல் கோளத்தின் மீது மெல்லிய கம்பி வளையம் ஒன்றைச் சுற்றிக் காட்டினார். அந்தப் படலம் கொந்தளிப்பாக மாறினால் காற்று பரப்பைவிட்டு விலகுவது தள்ளிப்போகிறது; பின்னிழு விசை குறைகிறது. இரண்டு ஆய்வகங்களும் சரியாகவே அளந்திருந்தன. வேகப்பந்து வீச்சாளரின் கையிலிருந்து புறப்படும் புதுப்பந்து தையலின் சாய்வால் காற்றில் வளைவதற்கும் இதே படலம்தான் காரணம்.

நமக்கு இதனால் என்ன என்று கேட்பவர்கள் மதுரையிலிருந்து விருதுநகர், கோவில்பட்டி வழியாகத் தெற்கே ஒருமுறை போய் வரலாம். கயத்தாறு கரிசல் வெளியில் காற்றாலைகள் சுழல்கின்றன. தேசியக் காற்றாற்றல் நிறுவனத்தின் காற்றாலைச் சோதனை நிலையமும் அங்கேதான் இருக்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் மலைகளுக்கு நடுவே நெருக்கப்பட்டு வேகம் பெறும் தென்மேற்குப் பருவக்காற்று, இயற்கையே அமைத்த ஒரு காற்றுச் சுரங்கத்தின் வழியாகத்தான் வருகிறது. காற்றில் அடங்கிய ஆற்றல் வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். வேகத்தைப் பத்து விழுக்காடு மிகையாகக் குறித்துவிட்டால், ஆற்றல் கணக்கில் முப்பத்து மூன்று விழுக்காடு பிழை வரும். ரெக்கார்டு நோட்டில் பழகிய கை நாளை அந்த வெளியில் அளவெடுக்கப் போகிறது என்பதை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றையும் கணினியிலேயே செய்துவிடலாமே, விசிறிக்கு மின்சாரம் எதற்கு என்று கேட்கிறார்கள். கணினிக் கணிப்பு பெரிய கருவி, மறுக்கவில்லை. ஆனால் கொந்தளிப்பான ஓட்டத்துக்குப் பொறியாளர்கள் அன்றாடம் நடத்தும் கணிப்புகள் ஏதேனும் ஓர் எடுகோளின் மீதே நிற்கின்றன. எடுகோள் பொருந்துகிறதா என்று சொல்ல அளவீடு வேண்டும். நாம் இட்டதைத் தாண்டிக் கணினி நம்மை மறுப்பதில்லை, காற்று மறுக்கும். மறுக்கப்படும் அனுபவம் இருபது வயதில் ஒருமுறையாவது கிடைக்க வேண்டும்.

இதற்குப் பெரிய செலவு தேவையில்லை. வளைகோட்டின் அழகுக்கு அளிக்கும் மதிப்பெண்ணில் பாதியை, 'சூத்திரத்திலிருந்து உன் அளவீடு எங்கே, ஏன் விலகியது?' என்ற ஒரு கேள்விக்கு மாற்றினால் போதும். விடை தமிழில் எழுதப்பட்டாலும் ஏற்கலாம். சுரங்கம் இல்லாத கல்லூரிகள் அட்டைப்பெட்டி, உறிஞ்சுகுழல்களால் ஆன தேனடை, மேசை விசிறி, ஊதுபத்திப் புகை ஆகியவற்றைக் கொண்டே தொடங்கலாம். உருளைக்குப் பின்னால் புகை குழம்புவதைக் கண்ணால் பார்த்துவிட்டவன், முன்னும் பின்னும் சமம் என்று எழுத ஒரு கணம் தயங்குவான். 'தமிழரும் தொழில்நுட்பமும்' என்ற தலைப்பில் நான் கற்பிக்க விரும்புவது அந்தத் தயக்கத்தைத்தான்.