‘உண்மையா?’ என்பதற்கு முன்பே ‘யாருக்கு லாபம்?’ - திருப்பூர் வதந்தி சொல்லும் பாடம்

2023 மார்ச் முதல் வாரம். வடக்கே செல்லும் ரயில்களுக்காக திருப்பூர் ரயில் நிலையத்தில் கூட்டம். ஹோலிக்காக வழக்கமாக ஊருக்குப் போகிறவர்கள்தான் பலரும். ஆனால், அந்த முறை பயந்துபோய் பையைத் தூக்கியவர்களும் இருந்தார்கள். ‘தமிழ்நாட்டில் இந்தி பேசுகிறவர்களைக் கொல்றாங்க’ என்ற வீடியோக்கள் அவர்கள் செல்போனுக்கும், ஊரில் இருந்த அம்மா, அப்பாவின் செல்போனுக்கும் வந்திருந்தன.

உண்மையில் நடந்தது என்ன?

அப்படி யாரும் கொல்லப்படவில்லை. பரவிய வீடியோக்களில் ஒன்று பீகார் தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த மோதல், மற்றொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்கு இடையிலான மோதல் என்று அப்போதைய டிஜிபி சைலேந்திர பாபு விளக்கினார். பீகார் அரசு அனுப்பிய அதிகாரிகள் குழுவும் திருப்பூருக்கு நேரில் வந்து விசாரித்து, வதந்திதான் என்றது.

பிறகு ஏன் இவ்வளவு வேகமாகப் பரவியது? அரசியல் கணக்குதான். மார்ச் 1-ம் தேதி ஸ்டாலினின் பிறந்தநாள் விழாவுக்கு பீகார் துணை முதல்வர் தேஜஸ்வி யாதவ் சென்னை வந்திருந்தார். அவரை அடிக்க பீகாரில் எதிர்க்கட்சியாக இருந்த பாஜகவுக்கு இது வசதியான ஆயுதம். விவகாரம் சட்டப்பேரவை வரை போனது. இந்தி பேசியதற்காக 12 பேர் தூக்கிலிடப்பட்டதாக உத்தரப் பிரதேச பாஜகவின் பிரசாந்த் உம்ராவ் ட்வீட் செய்தார். பொறுப்போடு நடந்துகொள்ளுங்கள், மன்னிப்புக் கேளுங்கள் என்று உச்ச நீதிமன்றம் அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

வீடியோ வெளியிட்ட யூடியூபர் மணீஷ் காஷ்யப் கைதானார். தமிழக அரசு தேசியப் பாதுகாப்புச் சட்டத்தையே அவர் மீது பாய்ச்சியது. அந்த உத்தரவை சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2024-ல் அவர் பாஜகவில் சேர்ந்தார்.

நம்ம பக்கம் சுத்தமா?

இல்லை. அதே ஆண்டு ஜனவரியில், திருப்பூரில் நடந்த ஒரு தகராறின் வீடியோ ‘வடக்கன்கள் தமிழர்களை விரட்டுறாங்க’ என்று தமிழ் சமூக வலைதளங்களில் சுற்றியது. ஒரு சில்லறைச் சண்டை, இன மோதலாக ஷேர் ஆனது. 2022-ல் அமைச்சராக இருந்த பொன்முடி, கோவை பட்டமளிப்பு விழா மேடையில் இந்தி பேசுகிறவர்களைப் பானிபூரி விற்பவர்கள் என்றார். கைதட்டியவர்களும் உண்டு.

அப்போதைய தமிழக பாஜக தலைவர் அண்ணாமலை, தாக்குதல் செய்தி பொய் என்று ஒப்புக்கொண்டார். ஆனால், வடமாநிலத்தவர் மீதான வெறுப்புக்கு திமுகவினரின் பேச்சுதான் காரணம் என்றும் சேர்த்தே சொன்னார். அவர் மீது வழக்கு பதிவானது. பொய்யை மறுக்கும்போதுகூட யாருக்கும் ஒரு பாயின்ட் தேவைப்பட்டது.

அமெரிக்காவிலும் இதே கதை

ஒஹாயோவின் ஸ்பிரிங்ஃபீல்டும் வெளியூர்த் தொழிலாளர்களை நம்பி மீண்ட தொழில் நகரம்தான். 2024 செப்டம்பர் 10 விவாதத்தில், அங்குள்ள ஹைட்டி மக்கள் வளர்ப்பு நாய்களைச் சாப்பிடுகிறார்கள் என்றார் டிரம்ப். நம்பத்தகுந்த புகார் எதுவும் இல்லை என்றது நகர நிர்வாகம். அடுத்த சில நாட்களில் வெடிகுண்டு மிரட்டல்கள் வந்தன. பள்ளிகள் காலி செய்யப்பட்டன. மக்களின் கஷ்டத்தை மீடியா கவனிக்க வேண்டுமென்றால் கதைகளை உருவாக்கத்தான் வேண்டும் என்ற தொனியில் டிவி பேட்டியில் பேசினார் ஜே.டி.வான்ஸ். அவர் துணை அதிபரும் ஆகிவிட்டார்.

விலை கொடுப்பது யார்?

பொய் சொன்ன தலைவருக்குப் பெரிதாக எதுவும் ஆவதில்லை. பீஸ் ரேட்டில் தைக்கிறவருக்கு, வேலைக்குப் போகாத நாளில் கூலி கிடையாது. ஆள் இல்லாத பனியன் கம்பெனிக்கு ஷிப்மெண்ட் தேதி காத்திருக்காது. இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் சுமக்கும் ஊரை, சில வீடியோக்களால் பதறவைக்க முடிந்தது.

சட்டத்தால் மட்டும் இதைத் தடுக்க முடியாது. கடும் சட்டத்தைப் பாய்ச்சியதும் குற்றவாளி ‘தியாகி’ ஆகிவிடுகிறார். கட்சிக்காரர்கள்தான் தங்கள் தலைவரைக் கேட்க வேண்டும். ட்வீட் போட்ட அதே பக்கத்தில், அதே சத்தத்தோடு ‘அது பொய்’ என்று ஏன் போடவில்லை? எதிர்க்கட்சிக்காரர் கேட்டால் அது அரசியல். சொந்தக் கட்சிக்காரர் கேட்டால்தான் தலைவருக்கு உறைக்கும்.

செல்போனில் ஃபார்வர்டு பார்க்கிறவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. எரிச்சலூட்டும் செய்தியை எல்லோருமே சந்தேகப்படுகிறோம். ‘பார்த்தீங்களா, நான் அப்பவே சொன்னேன்ல’ என்று குஷியாக்கும் செய்தியைத்தான் யாரும் செக் பண்ணுவதில்லை. முதலில் சரிபார்க்க வேண்டியது அதைத்தான்.