விளக்கு அணைந்தது, மின்சாரம் போனதா?

சுவிட்ச் என்பது சின்னச் சாமான். கெட்டுப்போனால் ஒரு ஸ்குரூ டிரைவரும் பத்து நிமிஷமும் போதும் என்று அநேகர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் வேலை முடிந்தும் விடுகிறது. விளக்கு எரிகிறது; அணைகிறது. வேறு என்ன வேண்டும்?

வேண்டியது ஒன்று இருக்கிறது. அந்தச் சுவிட்ச் எந்தக் கம்பியைத் துண்டிக்கிறது என்பதுதான் அது.

விளக்குக்கு இரண்டு கம்பிகள் போகின்றன. ஒன்று பேஸ், 230 வோல்ட் மின்சாரம் வரும் வழி. மற்றது நியூட்ரல், திரும்பிப் போகும் வழி. இரண்டில் எதைத் துண்டித்தாலும் விளக்கு அணைந்துவிடும். அபாயம் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. பேஸைத் துண்டித்தால் ஹோல்டருக்கு மின்சாரம் வராது. நியூட்ரலைத் துண்டித்தாலோ, மின்சாரம் ஹோல்டர் வரை வந்து காத்துக்கொண்டிருக்கும்! "சுவிட்சைத்தான் அணைத்தாயிற்றே" என்று ஸ்டூல்மேல் ஏறிப் பல்பு மாட்டுகிறவர் தைரியமாகக் கை வைக்கிறார். ஷாக்கில் தப்பினாலும், ஸ்டூலிலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொள்கிறார்.

நியூட்ரலில் தனியாக ஒரு சுவிட்ச் வைக்கக் கூடாது என்று 1956-ம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளே சொல்லிவிட்டன. ஒயரிங் வேலையை உரிமம் பெற்றவரே செய்ய வேண்டும் என்றும் அவை கூறின. ஆனால் பல்பு, பியூஸ், சுவிட்ச் ஆகியவற்றை இருந்தது இருந்தபடியே மாற்றுவதற்கு விலக்கு அளித்தன. ஆகவே வீட்டுக்காரர் சுவிட்ச் மாற்றுவது குற்றமல்ல. அந்த விலக்கை, எந்தக் கம்பியையும் நோண்டலாம் என்று எடுத்துக்கொள்வதுதான் தவறு.

மெயினை அணைத்தால் போதுமா?

மெயினை அணைக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். செய்கிறவர்கள் எத்தனை பேர் என்பது வேறு விஷயம். இன்றைய வீடுகளில் அதுவும் போதாது. இன்வெர்ட்டர் இருக்கிறதே! மெயினை அணைத்ததும், கரண்ட் போய்விட்டது என்று அது நினைத்துக்கொள்கிறது. உடனே பேட்டரியிலிருந்து 230 வோல்ட் மின்சாரத்தை அதே விளக்குக் கம்பிகளில் அனுப்பத் தொடங்கிவிடுகிறது. ஆகையால் இரண்டையும் அணைத்த பிறகே பெட்டியைத் திறக்க வேண்டும்.

பியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வது பழைய எலக்ட்ரீஷியன்களின் வழக்கம். நல்ல வழக்கம். வேறு யாரும் தெரியாமல் மெயினைப் போட்டுவிட முடியாது. எம்.சி.பி. உள்ள வீட்டில் அதன் அருகே ஒருவரை நிறுத்தி வைக்கலாம்.

டெஸ்டர் எரியவில்லை என்றால் மின்சாரம் இல்லை என்று பொருள். அல்லது டெஸ்டர் கெட்டுவிட்டது என்று பொருள்! முதலில் மின்சாரம் உள்ள ஒரு பிளக்கில் அதைச் சோதித்துவிட்டு, பிறகு மெயினை அணைத்து, பெட்டிக்குள் இருக்கும் ஒவ்வொரு ஸ்குரூவிலும் வைத்துப் பார்க்க வேண்டும். சிவப்பு பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த் என்ற நிறக் கணக்கைப் பழைய வீடுகளில் நம்புவதற்கில்லை.

ஒரே ஸ்குரூவில் இரண்டு ஒயர்கள் இருந்தால், ஒன்று பக்கத்துச் சுவிட்சுக்கு மின்சாரம் கொண்டுபோவதாக இருக்கும். கழற்றுமுன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் குழப்பம் வராது. மாடிப்படிச் சுவிட்சுக்கு மூன்று முனைகள் உண்டு. அதை எலக்ட்ரீஷியனிடமே விட்டுவிடலாம். பழைய சுவிட்ச் கருகியிருந்தால், புதியதை மாட்டுவதற்கு முன் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒன்று, ஸ்குரூ தளர்ந்திருக்கும். இல்லாவிட்டால், விளக்குக்கான 6 ஆம்பியர் சுவிட்சில் யாரோ தண்ணீர் கொதிக்க வைத்திருப்பார்கள்.

எலக்ட்ரீஷியன் வந்து வேலை செய்தாலும், விளக்கு எரிகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுக்கக் கூடாது. மெயினைப் போட்டு, சுவிட்சை அணைத்து, பல்பைக் கழற்றச் சொல்ல வேண்டும். ஹோல்டரின் இரண்டு முனைகளிலும் அவரையே டெஸ்டர் வைத்துக் காட்டச் சொல்ல வேண்டும். ஏதாவது ஒன்றில் டெஸ்டர் நன்றாக எரிந்தால், பேஸ் அங்கே நிற்கிறது. எல்.இ.டி. பல்பு அணைத்த பிறகும் மங்கலாக மினுக்குகிறது என்றால், அதற்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம். கம்பியை மாற்றிக் கொடுத்துவிட்டுத்தான் அவர் ஏணியை எடுக்க வேண்டும்.