இலை சொல்வதைக் கேட்போம்

வீட்டுக்குள் வைத்த செடி வாடினால் உடனே ஒரு செம்பு நீரை ஊற்றுகிறோம். மறுநாளும் வாடினால் இரண்டு செம்பு. பிறகும் தேறாவிட்டால், "எனக்குக் கைராசி இல்லை" என்றோ, "இந்த உப்புக் காற்றில் எதுவும் வராது" என்றோ சொல்லித் தொட்டியைக் கொல்லையில் தள்ளிவிடுகிறோம். இது சரியன்று என்பது என் கருத்து. நல்ல தண்ணீரைக் குடத்தில் சுமந்து வரும் பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களில், காரணம் அறியாமல் ஊற்றும் ஒவ்வொரு செம்பும் ஒரு தாயின் உழைப்பு அல்லவா?

நோயாளியின் கண்ணையும் நாக்கையும் பார்த்த பிறகே வைத்தியர் மருந்து தருகிறார். செடிக்கு இலையைப் பார்க்க வேண்டும். அடியிலுள்ள முதிர்ந்த இலை ஒன்றிரண்டு பழுத்து உதிர்வது இயற்கை. ஆனால் மண் ஈரமாக இருக்கும்போதே பல இலைகள் மஞ்சளித்துத் தண்டும் குழைந்தால், வேர் காற்றின்றி அழுகுகிறது என்று பொருள். மேலும் நீர் ஊற்றினால் செடி செத்துவிடும். தண்டு நீண்டு, கணுக்கள் விலகி, புதிய இலைகள் சிறுத்து, செடி சன்னலை நோக்கிச் சாய்ந்தால் அதற்கு வெளிச்சம் போதவில்லை. வெயில் படும் பக்கத்தில் மட்டும் வெளுத்த திட்டுகள் தோன்றிக் காய்ந்தால், அது வெயில் சுட்ட புண்.

நம் பக்கத்தில் அடிக்கடி காண்பது வேறொன்று. இலையின் நுனியும் ஓரமும் கருகும். தொட்டி மண்ணின் மேல் வெள்ளையாகப் பூத்திருக்கும். அது கிணற்று நீரின் உப்பு. வேர் உறிஞ்சிய நீர் இலை வழியே ஆவியாகிறது. உடன் வந்த உப்போ ஓரத்தில் தங்கிவிடுகிறது. ஏரிக்கரையில் வளரும் வெண்கண்டலுக்கு இறைவன் உப்பை வெளியேற்றும் சுரப்பிகளை இலையிலேயே வைத்திருக்கிறார். மணிபிளாண்டின் தாயகம் பசிபிக் பெருங்கடலின் மொரேயா தீவு. அது மரநிழலில் பற்றி ஏறும் கொடி. அதற்கு உப்பைத் தள்ளும் வழி தெரியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தொட்டியை முற்றத்தில் வைத்தால், உப்பு கரைந்து அடித்துளை வழியே வெளியேறிவிடும். மற்ற நாட்களில், நல்ல தண்ணீரில் அரிசி களைந்த நீரே போதும்.

செடிகள் காற்றைத் தூய்மைப்படுத்த வெளிச்சம் தேவை என்று ஜான் இங்கன்ஹவுஸ் என்னும் மருத்துவர் 1779-ஆம் ஆண்டிலேயே சோதனைகளால் காட்டினார். வெளிச்சத்தை அளக்க நமக்குக் கருவி வேண்டாம். பகலில் செடி இருக்குமிடத்தில் ஒரு வெள்ளைத் தாளின் மேல் கையை நீட்டுங்கள். நிழல் தெளிவாக விழுந்தால் குரோட்டன்ஸ் வைக்கலாம். வெளிச்சம் குறைந்தால் அது வண்ணம் இழந்து பச்சையாகிவிடும். நிழல் மங்கலாக விழுந்தால் மணிபிளாண்ட். நிழலே தெரியாத மூலையில் எந்தச் செடியும் நெடுநாள் வாழாது. டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்வதால், ஒரே சன்னல் ஆண்டு முழுவதும் ஒரே அளவு வெளிச்சம் தராது என்பதையும் மறக்கக் கூடாது.

"குடிக்கவே நல்ல தண்ணீர் அரிது, வீட்டுக்குள் செடி எதற்கு?" என்று பெரியவர்கள் கேட்பதில் நியாயம் உண்டு. ஆகவே குறைந்த நீரில் வாழும் மருளையும் சோற்றுக் கற்றாழையையும் வெளிச்சமுள்ள சன்னலருகே வைப்போம். மண்ணில் விரலை விட்டு, காய்ந்திருந்தால் மட்டும் நீர் விடுவோம். பாராமல் ஊற்றுவதைவிட, பார்த்துவிட்டு ஊற்றாமல் இருப்பதே பல நேரங்களில் செடியைக் காக்கும்; அம்மாவின் குடத்தில் ஒரு செம்பு நீரும் மிஞ்சும்.