ஏலத்துக்கு வந்த லாரி

மாதம் பத்தாம் தேதி சுமாருக்கு எங்கள் வங்கிக் கவுண்டருக்கு ஒரு அண்ணன் வருவார். திருவொற்றியூரில் எங்களுக்கு அடுத்த தெரு. இருபது வருசம் பிறத்தியார் டிரெய்லரை ஓட்டிவிட்டு, மூன்று வருசத்துக்கு முன் சொந்த வண்டி வாங்கியவர். டியூ எடுக்கப் போய், கணக்கில் பணம் இல்லாமல் திரும்பியதற்கு எவ்வளவு அபராதம் பிடித்தார்கள் என்று கேட்கத்தான் வருவார். பிடித்தது நானில்லை, கம்ப்யூட்டர்தான் என்று ஒவ்வொரு தடவையும் சொல்வேன். அவரும் தலையாட்டிக்கொள்வார்.

போன மாதம் போனை நீட்டினார். ஒரகடத்திலிருந்து எண்ணூருக்கு ஒரு நாற்பதடி கன்டெய்னர். லோடு போடுகிற கம்பெனி விவரத்தைச் செயலியில் போட்டுவிடும், வண்டிக்காரர்கள் வாடகை கேட்பார்கள், யார் குறைத்துக் கேட்கிறாரோ அவருக்கே லோடு. அண்ணன் ஒரு தொகை கேட்டிருக்கிறார். அவருக்குக் கீழே ஒருத்தன் ஐந்நூறு குறைத்துவிட்டான். அவனுக்குக் கீழே இன்னொருத்தன். "நம்ம வண்டிய நாமளே கொறச்சுக் கூவிக்கினு கீறோம் தம்பி. காசிமேட்டு மீன் ஏலத்துலகூட வெல ஏறும். இங்க எறங்குது."

இதை மாணவத் தோழர்களிடம் சொன்னபோது அவர்கள் என்னோடு சண்டைக்கு வந்தார்கள். புரோக்கரை ஒழிக்கிற தொழில்நுட்பத்தை ஏன் எதிர்க்கிறீர்கள் என்று கேட்டார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. புக்கிங் ஆபீஸ் பெஞ்சில் யார் உட்காரலாம், யார் வாசலில் நின்றே பேசவேண்டும் என்பதெல்லாம் அண்ணனுக்கு அத்துப்படி. "எந்த ஊருப்பா, ஊருக்குள்ள எந்தப் பக்கம்?" என்று கேட்ட பிறகு நல்ல லோடு வேறு வண்டிக்குப் போனதை அவர் பலமுறை பார்த்திருக்கிறார். போன் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. சாதி கேட்காத ஒரு புரோக்கர் கிடைத்திருக்கிறான் என்றால் அதை அலட்சியமாகத் தள்ள நான் தயாரில்லை.

ஆனால் கேட்காமலேயே சாதி வேலை செய்கிற வழிகள் உண்டு. குறைத்துக் கேட்க யாரால் முடியும்? இருபது வண்டி வைத்திருப்பவரால் முடியும். ஒரு வண்டி நஷ்டத்தில் ஓடினாலும் பத்தொன்பது ஈடுகட்டும். பங்க்கில் டீசல் கடனுக்கு வரும். பழைய வண்டிகளுக்கு டியூ முடிந்திருக்கும். அந்த இருபது வண்டி அப்பன் பாட்டன் நிலத்தை விற்ற பணத்தில் வந்தது. நம்மவனிடம் இருப்பது ஒரே வண்டி, அதுவும் கடனில். 2016இல் மத்திய அரசு ஸ்டாண்ட்-அப் இந்தியா என்றது. 2023இல் தமிழக அரசு அண்ணல் அம்பேத்கர் பெயரில் 35 சதவீத மானியத்தோடு தொழில் கடன் திட்டம் கொண்டுவந்தது. இந்தத் திட்டங்கள் வேண்டும் என்றுதான் நானும் சொல்வேன், விண்ணப்பங்களை நிரப்பியும் கொடுத்திருக்கிறேன். வண்டி வாங்கக் கடன் தருகிற அரசு, லோடுக்கு அவனை ஏலத்தில் விட்டுவிடுகிறது. ஏலத்தில் எல்லோரும் சமம். இருபது வண்டிக்காரனும் ஒரு வண்டிக்காரனும் சமம். இந்தச் சமத்துவத்தைத்தான் நாம் காலம்காலமாகப் பார்த்துவருகிறோமே.

இன்னொரு விஷயம் வடசென்னைக்காரனுக்குத்தான் புரியும். வாடகை பேசுவது நடைக்கு, செலவு ஓடுவதோ நாளுக்கு. எண்ணூர் விரைவுச்சாலையில் காசிமேட்டிலிருந்து எர்ணாவூர்வரை கன்டெய்னர் வண்டிகள் நாள்கணக்கில் வரிசை கட்டி நின்ற காலங்களை நாம் வாசலிலிருந்தே பார்த்தவர்கள். சாலை அகலமானது, காட்டுப்பள்ளிக்கும் காமராஜர் துறைமுகத்துக்கும் சரக்கு பிரிந்தது. காத்திருப்பு ஒழியவில்லை. துறைமுக கேட்டில், சி.எஃப்.எஸ். யார்டில், எம்ப்டி எடுக்கிற இடத்தில், ஃபேக்டரி வாசலில் என்று அது சிதறிக் கிடக்கிறது.

கணக்குப் பார்ப்போம். தொகைகள் உதாரணத்துக்குத்தான். ஏலம் 13,000 ரூபாயில் முடிகிறது. டீசல், டோல், பேட்டா போக 4,500 நிற்கிறது. அன்றைக்கே இறக்கிவிட்டால் நல்ல வரும்படி. இரண்டு நாள் வரிசையில் நின்றால் மூன்று நாளுக்கு 4,500, அதாவது நாளுக்கு 1,500. டியூ மாதம் 45,000 என்றால் அதுவும் நாளுக்கு 1,500. டயர், இன்சூரன்ஸ், எஃப்.சி. எல்லாம் இதற்கு வெளியே. மூன்று நாளும் அவர் ஃபைனான்ஸ்காரனுக்குச் சம்பளமில்லாத டிரைவர். ஏலத்தில் ஐந்நூறு குறைத்தபோது அந்த ஐந்நூறு எங்கிருந்து போனது என்று யோசித்துப் பாருங்கள். ஹால்டிங் காசு தனியாக வாங்கலாமே என்பீர்கள். புரோக்கரிடமாவது ஆபீஸ் வாசலில் போய்ச் சத்தம் போட்டு நூறு இருநூறு வாங்கலாம். செயலியில் யாரிடம் சத்தம் போடுவது?

செயலிக்காரர்களாவது ஏலத்தை நம்பித்தான் பிழைக்கிறார்களா? 2015இல் பெங்களூரில் தொடங்கிய பிளாக்பக், பெரிய கம்பெனிகளின் சரக்கைத் தானே எடுத்து ஓட்டிய தொழிலைக் கைவிட்டது. 2024 நவம்பரில் பங்குச்சந்தைக்கு வந்தபோது அதன் வருமானத்தில் பெரும்பகுதி ஃபாஸ்டேக், டீசல் அட்டை, ஜி.பி.எஸ். வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. அதாவது, வண்டிக்காரனுக்கு லோடு கிடைக்கிறதோ இல்லையோ, அவன் டோலிலும் பங்க்கிலும் கொடுக்கிற காசில் அவர்களுக்கு வழி இருக்கிறது. அமெரிக்காவில் அதே 2015இல் கிளம்பிய கான்வாய், வாடகை சரிந்த 2023இல் கடையைச் சாத்தியது. சீனாவில் 2017இல் இரண்டு பெரிய சரக்குச் செயலிகள் இணைந்து மான்பாங் ஆயின. அடுத்த வருசம் ஜூனில் பல மாகாணங்களில் லாரிக்காரர்கள் வண்டியை நிறுத்தினார்கள். டீசல் விலை, போலீஸ் அபராதம் என்ற குறைகளோடு, செயலி வாடகையைக் கீழே தள்ளுகிறது என்பதும் ஒரு குறை.

நம் துறைமுகத்துக்கு இது புதிதல்ல. விடிகாலையில் வாசலில் கூட்டமாக நிற்பது, மேஸ்திரி விரல் நீட்டியவனுக்கு அன்றைக்குச் சோறு, மற்றவன் வீட்டுக்கு. நம் தாத்தாக்களில் பலர் அப்படி நின்றவர்கள். அதை மாற்றியது 1948இன் துறைமுகத் தொழிலாளர் வேலை ஒழுங்குமுறைச் சட்டம். அப்போது தொழிலாளர் அமைச்சர் ஜெகஜீவன் ராம். பெயரைப் பதிவு செய், முறைப்படி வேலை கொடு, வேலை இல்லாத நாளிலும் வந்து நின்றவனுக்குப் படி கொடு என்றது அந்த ஏற்பாடு. முறை என்ற அந்த ஒரு சொல்லில் மேஸ்திரியின் விரல் முறிந்தது. ராயபுரம் பக்கம் நம் பிள்ளைகள் படிப்பு ஏறியதில் அந்தப் படிக்குப் பங்கு உண்டு. கேட்டுக்கு வெளியே நின்ற லாரிக்காரனுக்குத்தான் அந்தச் சட்டம் எட்டவில்லை. அவன் ஓனராம்.

இன்று லாரிக்காரர்கள் கூடி, முறை வைத்துக்கொள்வோம், இதற்குக் கீழே ஓட்டமாட்டோம் என்றால் அதற்குப் பெயர் கார்ட்டல். 2017இல் பஞ்சாப் அரசு லாரி யூனியன்களைத் தடை செய்து விதியே போட்டது. அடாவடி செய்த யூனியன்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஆயிரம் வண்டியின் வாடகையை ஒரு கம்பெனியின் செயலி இறக்கினால் அது சந்தை. பத்து வண்டிக்காரர்கள் டீக்கடையில் பேசிக்கொண்டால் குற்றம்.

சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. செயலிக் கம்பெனிகள் வருட வருமானத்தில் ஒன்றிலிருந்து இரண்டு சதவீதம் தொழிலாளர் நிதிக்குத் தரவேண்டும் என்கிறது. அதன் அட்டவணையில் சரக்குச் சேவையும் இருக்கிறது. ஆனால் ஆர்.சி. புத்தகம் அண்ணன் பெயரில். செயலியில் அவர் 'பார்ட்னர்'. வண்டியைத் தானே ஓட்டுகிற ஓனரும் தொழிலாளிதான் என்று ஒத்துக்கொள்ள வைப்பதே முதல் சண்டையாக இருக்கும்.

அதுவரை என்ன செய்வது என்று தோழர்கள் கேட்டார்கள். கோயம்புத்தூரிலோ பெங்களூரிலோ இறக்கிவிட்டு எம்ப்டியாகத் திரும்பவேண்டியவன் செயலியைப் பார்க்கட்டும். டீசல் காசாவது தேறும், தெரியாத ஊரில் புரோக்கரைத் தேடி அலைகிற அவமானமும் மிச்சம். துறைமுக லோடுக்கு மட்டும் தனியாக ஏலம் கேட்காதே என்பதுதான் என் கட்சி. நாள்கணக்கில் ஹால்டிங் எவ்வளவு என்று தனிக் கட்டம் இல்லாத ஏலத்தில் விரலை வைக்காதே. லோடு கொடுத்தவன் கட்டிய தொகை எவ்வளவு, நம் கைக்கு வந்தது எவ்வளவு என்று காட்டச் சொல்லு. அமெரிக்க லாரிக்காரர்கள் 2020 மே மாதம் வாஷிங்டனில் வண்டிகளைக் கொண்டுபோய் நிறுத்திக் கேட்டதில் இதுவும் ஒன்று.

பேச்சுக்கு முன் கையில் கணக்கு வேண்டும். எந்த கேட்டில், எந்த யார்டில், எத்தனை மணி நேரம் நின்றது என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிவைக்கச் சொல்லி, திருவொற்றியூரிலும் எர்ணாவூரிலும் தெரிந்தவர்களிடம் கொடுத்திருக்கிறோம். இதுவரை ஏழு நோட்டு திரும்பி வந்திருக்கிறது. அண்ணனுடையது இன்னும் வரவில்லை. வண்டி மணலியில் ஒரு யார்டு வாசலில் நிற்கிறதாம், வந்ததும் கொடுக்கிறேன் என்றார்.