கரும்பலகையிலிருந்து கோப்புக்கு

கொழிஞ்சாம்பாறைக்குக் கோயம்புத்தூர் பக்கம். திருவனந்தபுரம் வெகு தூரம். ஆனால் அங்குள்ள தமிழ்வழி ஆசிரியரின் பதவி உயர்வு உத்தரவு திருவனந்தபுரத்திலிருந்துதான் வந்தாக வேண்டும். 1956இல் மாநில எல்லைகள் வகுக்கப்பட்டபோது சித்தூர், தேவிகுளம், பீர்மேடு பகுதிகள் கேரளத்தோடு நின்றன. அவற்றின் தமிழ்ப் பள்ளிகளும்தான்.

வேலையில் சேரும் வாசல் மோசமில்லை. கேரள அரசே தமிழில் பாடநூல் அச்சிடுகிறது. தேர்வாணையம் தமிழ்வழிப் பணியிடங்களுக்குத் தனியாக ஆளெடுக்கிறது. சிக்கல் மேல்படிகளில்.

அரசு உயர்நிலைப் பள்ளி ஆசிரியருக்குப் பணிமூப்புப் பட்டியல்தான் ஏணி. கணக்குத் தேர்வும், 1959இன் கேரளக் கல்வி விதிகள் குறித்த துறைத் தேர்வும் எழுதிய பிறகு தலைமையாசிரியர் அல்லது ஏ.இ.ஓ. எனப்படும் உபஜில்லாக் கல்வி அதிகாரி ஆகலாம். இரண்டும் ஒரே படி. அதற்கு மேல் டி.இ.ஓ., அதற்கும் மேல் மாவட்டத்தின் கல்வித் துணை இயக்குநர். பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தத் தெரியுமா என்று எந்தப் படியிலும் யாரும் கேட்பதில்லை. விதி எண் தெரிந்தால் போதும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஏ.இ.ஓ. மேற்பார்ப்பது தொடக்கப் பள்ளிகளையும் நடுநிலைப் பள்ளிகளையும். அவர் வருவதோ பெரும்பாலும் உயர்நிலைப் பள்ளியிலிருந்து. ஒன்றாம் வகுப்புக்கு 'அ'னா எழுதக் கற்றுக்கொடுத்த தோட்டத்துப் பள்ளி ஆசிரியை, உயர்நிலைப் பள்ளிப் பணிக்கு மாறினாலொழிய, தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியையாகவே ஓய்வு பெறுவார். உதவி பெறும் தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கு அரசு சம்பளம் தந்தாலும் அதிகாரி நாற்காலி கிடையாது. அவர்கள் ஏணி தங்கள் நிர்வாகத்தின் பள்ளியோடு முடிகிறது.

தலைமையாசிரியர் பதவிக்கு மாநிலம் முழுவதற்கும் ஒரே பட்டியல். மூணாறில் இருபது ஆண்டு தமிழில் கணக்குச் சொல்லித்தந்தவர் பதவி உயர்வோடு வேறு மாவட்டத்துக்குப் போக நேரலாம். அவர் விட்டுவந்த பள்ளிக்குத் தமிழெழுத்தே அறியாதவர் தலைமை ஏற்கலாம். போகாவிட்டால் பதவி உயர்வு போச்சு. போனால் ஊரும், வகுப்பும் போச்சு. இரண்டையும் சேர்த்துத் தரப் பட்டியலுக்குத் தெரியாது.

அதிகாரிக்குத் தமிழ் தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன என்பவர்கள் ஜூன் மாதத்தில் உபஜில்லா அலுவலகத்தைப் பார்க்க வேண்டும். பள்ளி திறந்த ஆறாவது வேலை நாளில் பிள்ளைகளின் தலை எண்ணப்படுகிறது. அந்தக் கணக்கை வைத்தே ஆசிரியர் பணியிடங்கள் நிர்ணயமாகின்றன. தேயிலைத் தோட்டக் குடும்பங்கள் பிள்ளைகளை ஆங்கிலவழிக்கும் தமிழ்நாட்டு விடுதிகளுக்கும் அனுப்பும் காலத்தில், தமிழ் வகுப்பில் இரண்டு பெயர் குறைந்தாலும் ஒரு பணியிடம் ஆட்டம் காணும். ஏன் குறைந்தது என்று லயத்து வீட்டுத் தாயிடம் விசாரிக்க அதிகாரிக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால், விசாரணையே நடக்காது. எண் மட்டும் கோப்பில் ஏறும்.

தமிழ்ச் சிறுபான்மையினர் அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுத ஆட்சிமொழிச் சட்டம் இடமளிக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தவர் மேசையின் மறுபுறம் இருக்க வேண்டும் என்று பணிமூப்புப் பட்டியல் சொல்வதில்லை. எல்லை உபஜில்லாக்களில் தமிழறிந்தவருக்கு முன்னுரிமை என ஒரு விதி சேர்க்கப் புதுப் பணியிடமோ பெரிய பணமோ தேவையில்லை. 56 வயதில் ஓய்வு பெறவேண்டிய மாநிலத்தில், ஐம்பதைத் தாண்டி மேல்படி ஏறுபவருக்கு அந்த நாற்காலியில் கிடைப்பது சில ஆண்டுகள்தான். அதில் பாதி, கோப்பைப் புரிந்துகொள்ளவே போய்விடும்.