கேரிக்கு முன்பே ஒரு மிஷனரி

மிஷனரி என்றதும் நம் கண்முன் வெள்ளைக்காரர் ஒருவர்தான் வந்து நிற்கிறார். பாப்டிஸ்ட் மிஷனரி வில்லியம் கேரி வங்காளத்துக்கு வந்தது 1793-ல். அதற்குச் சுமார் பத்தாண்டுகளுக்கு முன்பே, அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்த ஒரு கறுப்பினத்தவர் ஜமைக்காத் தீவில் இறங்கி பாப்டிஸ்ட் சபை தொடங்கிவிட்டார். அவர் பெயர் ஜார்ஜ் லைல்.

லைலுக்கு அவருடைய எஜமானே விடுதலை கொடுத்திருந்தார். எஜமான் போரில் இறந்ததும் சிலர் அதை ஏற்காமல் லைலைச் சிறையில் தள்ளினார்கள். விடுதலைப் பத்திரத்தைக் காட்டி வெளியே வந்தவர், பயணத்துக்குப் பட்ட கடனுக்காக ஒப்பந்த வேலையாளாகக் கிங்ஸ்டன் நகருக்குப் போனார். கடனை உழைத்து அடைத்தார். பிறகு, தம்மைப்போல் அமெரிக்காவிலிருந்து வந்த நான்கு பேரோடு ஒரு சிறு வீட்டில் ஜெபக்கூட்டம் ஆரம்பித்தார். எந்த மிஷன் சங்கமும் அவரை அனுப்பவில்லை, சம்பளமும் தரவில்லை. பயிர் வைத்தும் வண்டியில் சரக்கு ஏற்றியும் பிழைத்தார்.

ஓர் அடிமை லைலின் சபையில் சேர வேண்டுமானால் எஜமானிடம் எழுதி வாங்கி வர வேண்டும் என்று விதி இருந்தது. படித்தபோது நமக்கும் கோபம்தான் வந்தது. ஆனால் அப்படி அடங்கிப் போனவரையே, பிரசங்கத்தில் கலகம் தூண்டினார் என்று சொல்லி, சங்கிலியிட்டுத் தொழுமரத்தில் மாட்டினார்கள். அடிமைகள் தாங்களே கூடுவதும், தங்களுக்குள் தலைவர்களை வைத்துக்கொள்வதும், பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்துவதும் தோட்ட முதலாளிகளுக்கு உறுத்தின. அவர்கள் பயந்தது வீண்போகவில்லை.

இங்கிலாந்தின் பாப்டிஸ்ட் மிஷன் ஜமைக்காவுக்கு வந்தது 1814-ல்தான். அதுவும் லைலின் வழி வந்த மோசஸ் பேக்கர் போன்றவர்கள் கேட்டுக்கொண்டதால். அதன் பிறகும் கறுப்பர் சபைகள் பல தனித்தே நின்றன. இந்த இரண்டு பக்கமும் பழகியவர் சாம் ஷார்ப். அடிமை, ஆனால் எழுதப் படிக்கத் தெரிந்தவர், மிஷன் சபையில் டீக்கன். இங்கிலாந்தில் அடிமை ஒழிப்புக்காக நடந்த வாதங்களைப் பத்திரிகையில் படித்து மற்றவர்களுக்குச் சொன்னார். 1831 கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்ததும், கூலி தராமல் யாரும் கரும்பு வெட்டப் போவதில்லை என்பதே அவர் திட்டம். ஜெபக்கூட்டம் முடிந்ததும் பைபிள்மேல் சத்தியம் வாங்கினார்கள்.

வேலைநிறுத்தம் கலவரமானது. தோட்டங்கள் எரிந்தன. கொல்லப்பட்ட வெள்ளையர் 14 பேர். தூக்கிலும் துப்பாக்கியிலும் மாண்ட அடிமைகளோ ஐந்நூறுக்கும் மேல். 1832 மே 23-ல் ஷார்ப்பைத் தூக்கிலிட்டார்கள். மறு ஆண்டே இங்கிலாந்து நாடாளுமன்றம் அடிமை ஒழிப்புச் சட்டம் போட்டது. அதிலும் 2 கோடி பவுண்டு நஷ்டஈடு கிடைத்தது எஜமான்களுக்குத்தான். அடிமைகளுக்குச் சல்லிக்காசு இல்லை.

இந்த விடுதலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இங்கிலாந்துக்குப் போய் வாதாடிய மிஷனரி வில்லியம் நிப்பின் பெயரை முதலில் சொல்கிறார்கள். அவர் செய்தது பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனால் லைலும் ஷார்ப்பும் அவருக்குப் பின்வரிசையில் உட்கார வேண்டியவர்கள் அல்ல. நம் ஊர்ப் பழைய ஆலயக் கல்வெட்டுகளிலும் மிஷனரி பெயர் இருக்கும் அளவுக்கு உபதேசியார் பெயர் இருக்கிறதா என்று மாணவர்கள் போய்ப் பார்க்கலாம்.

சட்டம் வந்தும் நிலம் வரவில்லை. 1865-ல் ஸ்டோனி கட் என்ற கிராமத்தின் கறுப்பர் சபை டீக்கன் பால் போகிள், குறைகளைச் சொல்ல ஊராரோடு கவர்னரைப் பார்க்க எழுபது கிலோமீட்டருக்கு மேல் நடந்து போனார். கவர்னர் பார்க்க மறுத்தார். அக்டோபர் 11-ல் மோரன்ட் பே நீதிமன்றத்தின் முன்னால் மக்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது, கலவரம் மூண்டது. அடக்க வந்த படை 439 பேரைக் கொன்றது, ஆயிரம் வீடுகளை எரித்தது. போகிளைத் தூக்கிலிட்டார்கள். ஸ்டோனி கட்டில் அவருடைய ஜெப ஆலயத்தையும் விட்டுவைக்கவில்லை.